இறைச்சி வரிசையும் இரண்டு பூட்ஸுகளும்

சிலைகள் விழும் காணொலிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசினா நாட்டைவிட்டுப் போன அன்று, அவர் ஆட்சி எழுப்பிய ஷேக் முஜிபுர் ரஹ்மான் சிலையின் மேல் ஏறி நின்று டாக்கா இளைஞர்கள் சுத்தியலால் அடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிரியாவில் ஹாஃபிஸ் அல்-அசாத் சிலைகள் ஊர் ஊராகச் சாய்ந்தன. நண்பர்கள் குழுக்களில் இந்தக் காணொலிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு கயிறு, ஒரு கூட்டம், ஓர் ஆட்டம், பிறகு புழுதி. பார்த்து முடித்ததும் நமக்குள்ளேயும் ஏதோ ஒன்று முடிந்துபோன நிம்மதி வருகிறது.

அந்த நிம்மதியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு புத்தகம்.

மரியுஷ் ஷ்சிகியெவ் போலந்துப் பத்திரிகையாளர். பக்கத்து நாடான செக் நாட்டின் கதைகளைத் தேடித் தேடி எழுதியவர். 2006-இல் போலிஷ் மொழியில் வந்த அவருடைய ‘கோட்லாண்ட்’ நூல், அந்தோனியா லாயிட்-ஜோன்ஸ் மொழிபெயர்ப்பில் 2014-இல் ஆங்கிலத்தில் கிடைத்தது. செக் பாப் பாடகர் கரேல் கோட்டுக்காக அமைக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் பெயரைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறார். நாம் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன ‘பாட்டா’ காலணியின் குடும்பக் கதை அதில் உண்டு. கோயபல்ஸின் காதலியாக இருந்த நடிகை லீடா பாரோவா உண்டு. நடுவில் ஒரு சிலையின் கதையும் உண்டு. அந்தச் சிலையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

*

பிராக் நகரில் வல்தாவா ஆற்றின் கரையில் லெத்னா என்றொரு குன்று. பழைய நகரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே தெரியும். 1949-இல் ஸ்டாலினுக்கு 70 வயது நிறைந்தபோது, அந்தக் குன்றின் விளிம்பில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதென்று செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சி முடிவெடுத்தது. போட்டி அறிவித்தார்கள். நாட்டின் முக்கிய சிற்பிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாதிரிகள் கொடுத்தார்கள். ஒட்டகர் ஷ்வெத்ஸ் ஜெயித்தார்.

அவர் கொடுத்த வடிவம் இது. முன்னால் ஸ்டாலின் நிற்கிறார். அவர் பின்னால் இரண்டு வரிசை. ஒரு பக்கம் சோவியத் மக்கள், மறுபக்கம் செக்கோஸ்லோவாக்கிய மக்கள். தொழிலாளி, விவசாயம், விஞ்ஞானம், படைவீரர் என்று பக்கத்துக்கு நான்கு பேர். உயரம் 15.5 மீட்டர். நீளம் 22 மீட்டர். எடை 17,000 டன். 1955 மே 1-ஆம் தேதி திறந்தார்கள். அதற்குள் ஸ்டாலினே இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பிராக் மக்கள் அதற்கு உடனே ஒரு பெயர் வைத்தார்கள்: இறைச்சி வரிசை. கடைகளில் இறைச்சி கிடைக்காத காலம். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் கிரானைட் மனிதர்களைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். 17,000 டன் என்று படித்ததுமே எனக்கு ஸ்டாலினின் முகம் மறந்துபோய்விட்டது. ஆற்றோரக் குன்றின் விளிம்பில் இவ்வளவு எடையை எப்படி நிறுத்தினார்கள் என்றுதான் மனசு போனது. நிறுத்தினார்கள். குன்றுக்குள்ளேயே கான்கிரீட் தூண்களும் கூடங்களும் கட்டி, அதன் மேல் பீடம், பீடத்தின் மேல் கம்பி கட்டிய கான்கிரீட், அதைச் சுற்றிக் கிரானைட். சிலை என்று நாம் சொல்வது மேலே தெரிகிற தோல் மட்டும். கீழே இருப்பது ஒரு பெரிய கட்டடம். சைட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அப்படியொன்றைக் கட்ட எத்தனை டிராயிங், எத்தனை பரிசோதனை, எத்தனை கையெழுத்து வேண்டும் என்று. மண் பரிசோதித்தவர், கம்பி எண்ணியவர், கல் குவாரியில் நல்ல கல்லைப் பொறுக்கியவர், லாரிக்கு ரசீது போட்டவர். ஒவ்வொருவரும் தன் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டிருந்தால் அது அங்கே நின்றிருக்காது.

*

ஷ்சிகியெவ் இந்த ஆட்களிடம் போவதில்லை. சிற்பியிடம் போகிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஷ்வெத்ஸின் கதை யாரையும் உலுக்கும்.

அவர் கட்சிக்குப் பிறந்த சிற்பி கிடையாது. 1924-இல் அவர் செய்த மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிற்பம் வேகத்தையே உலோகத்தில் பிடித்ததற்காக இன்றும் பேசப்படுவது. 1928-இல் பில்சன் நகரத்துக்காக, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக்கின் சிலையைச் செய்தார். ஜெர்மானியர்கள் வந்தபோது அதை அகற்றினார்கள். போர் முடிந்ததும் திரும்ப வைத்தார்கள். 1953 ஜூனில் நாணயச் சீர்திருத்தம் என்ற பெயரில் மக்களின் சேமிப்பு ஒரே நாளில் கரைந்தபோது பில்சன் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். நகர மன்றத்துக்குள் புகுந்து ஸ்டாலின், கோட்வால்ட் மார்பளவுச் சிலைகளை வெளியே வீசினார்கள். கலகத்தை அடக்கிய கட்சி, பதிலுக்கு மசாரிக் சிலையை இடித்தது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். லெத்னாவில் ஷ்வெத்ஸின் ஸ்டாலின் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதே ஆண்டில் பில்சனில் ஷ்வெத்ஸின் மசாரிக் விழுகிறது. எழுப்பச் சொன்னதும் கட்சி, இடித்ததும் கட்சி. நடுவில் ஒரே மனிதரின் இரண்டு கைகள்.

திறப்புவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் ஷ்வெத்ஸ் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு முன்பே அவர் மனைவியும் அப்படித்தான் போயிருந்தார். விழா நடந்தது. சிற்பி இல்லை.

ஷ்வெத்ஸைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. போட்டியில் தோற்க வேண்டும் என்றே குடித்துவிட்டு அவசர அவசரமாக மாதிரியைச் செய்தார், விதி, அதுவே ஜெயித்துவிட்டது என்று ஒரு கதை. சிலை முடியும் தறுவாயில் அடையாளம் தெரியாமல் ஒரு டாக்சியில் ஏறிப் போய்ப் பார்த்தாராம். சிலையில் இருக்கும் பெண்ணின் கை எங்கே படுகிறது பார்த்தீர்களா, இதைச் செய்தவனைச் சுடத்தான் போகிறார்கள் என்று டாக்சி ஓட்டுநர் சொன்னாராம். இது இன்னொரு கதை.

இந்தக் கதைகள் உண்மையா பொய்யா என்பதைவிட, இவை ஏன் தேவைப்பட்டன என்பதுதான் என் கேள்வி. எல்லாக் கதையிலும் சிற்பி விருப்பமில்லாதவர். தோற்க நினைத்தவர், பயந்தவர், விதியில் மாட்டிக்கொண்டவர். சிற்பியே மனசில்லாமல்தான் செய்தார் என்றால் கல் சுமந்தவன் எம்மாத்திரம்? நகரம் முழுக்க மன்னிப்பு பரவிவிடும். ஒருவர் செத்து எல்லோருடைய கணக்கையும் தீர்த்துவிட்டார் என்று ஆகிவிடும்.

‘கோட்லாண்ட்’ நூலோடு நான் முரண்படும் இடம் இதுதான். ஷ்சிகியெவின் பலம் அவர் தீர்ப்புச் சொல்லாதது. சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்குவார், நடுவே ஒரு கசப்பான சிரிப்பை வைப்பார், நகர்ந்துவிடுவார். படிக்கும்போது அபாரமாக இருக்கிறது. ஆனால் ஒரு மனிதரின் துயரம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு அவரைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் மங்கிப்போகிறார்கள். சர்வாதிகாரத்தின் நினைவுச்சின்னம் ஒரு துன்பியல் நாயகனின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. துன்பியல் நாயகர்களை நமக்குப் பிடிக்கும். கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

*

இப்படிப்பட்ட சிலைகள் எதற்கு? மக்களை நம்பவைக்க என்று பொதுவாகச் சொல்வோம். பிராகில் யார் நம்பினார்கள்? திறந்த கையோடு இறைச்சி வரிசை என்று சிரித்தவர்களா நம்பினார்கள்? அந்தச் சிரிப்பு கட்சிக்கும் தெரிந்துதான் இருக்கும். இருந்தும் சிலை கட்டப்பட்டது.

பிரச்சாரச் சிலை தன் வேலையைத் திறப்புவிழாவுக்கு முன்பே முடித்துவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அதன் வேலை, எல்லோரையும் அதில் ஒரு கை வைக்கச் செய்வது. ஐம்பது சிற்பிகள் போட்டிக்கு மாதிரி கொடுத்தார்கள் அல்லவா? ஒருவர்தான் ஜெயித்தார். ஆனால் ஐம்பது பேரும் ஸ்டாலினின் முகத்தைக் களிமண்ணில் பிசைந்துவிட்டார்கள். நடுவர்கள் வாக்களித்துவிட்டார்கள். இன்ஜினியர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இவர்களில் யாரும் வெளியே நின்று பேச முடியாது. சிலையைக் கேலி செய்யலாம், வெறுக்கலாம், ஆனால் அது யாருடையதோ என்று சொல்ல முடியாது.

சிலை வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் பிராகில் ஸ்லான்ஸ்கி வழக்கும் நடந்தது. கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளரையே துரோகி என்று குற்றம்சாட்டி, 14 பேரை விசாரித்து, 1952 டிசம்பரில் 11 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிளெமெண்டிஸ். குந்தேராவை வாசித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ‘சிரிப்பும் மறதியும்’ நாவலின் முதல் பக்கத்தில் கோட்வால்டுக்குத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுப்பவர் அவர்தான். பிற்பாடு புகைப்படத்திலிருந்து ஆளை அழித்துவிட்டார்கள். தொப்பி மட்டும் கோட்வால்டின் தலையில் மிஞ்சியது.

படத்திலிருந்து ஆளை அழிக்கிற கையும் குன்றின் மேல் ஆளை எழுப்புகிற கையும் ஒரே அலுவலகத்துக் கைகள். எழுப்புவதும் அழிப்பதும் அந்த அலுவலகத்துக்கு ஒரே வேலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு சிலைகளின் வீழ்ச்சிக்கு வருவோம்.

*

பிராக் சிலை விழுந்த கதைக்கு முன் புடாபெஸ்ட் சிலையைப் பார்த்துவிடுவது நல்லது. ‘கோட்லாண்ட்’ செக் நாட்டைப் பற்றிய நூல், அதனால் இந்த ஒப்பீடு அதன் எல்லைக்கு வெளியே. எனக்கோ இது இல்லாமல் பிராக் புரியவில்லை.

புடாபெஸ்டில் ஷாண்டோர் மிகுஷ் செய்த ஸ்டாலின் சிலை 1951 டிசம்பரில் திறக்கப்பட்டது. 8 மீட்டர் வெண்கலம். இடம் ஒதுக்குவதற்காக ஒரு தேவாலயத்தை இடித்திருந்தார்கள். 1956 அக்டோபரில் மாணவர்கள் 16 கோரிக்கைகள் எழுதினார்கள். அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அக்டோபர் 23-ஆம் தேதி மாலை கூட்டம் சிலையைச் சூழ்ந்தது. கழுத்தில் வடம் போட்டு இழுத்தார்கள். லாரி கட்டி இழுத்தார்கள். அசையவில்லை. கடைசியில் தொழிலாளர்கள் காஸ் கட்டிங் கருவிகளோடு வந்து முழங்காலில் அறுத்தார்கள். இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஸ்டாலின் குப்புற விழுந்தார். பீடத்தின் மேல் இரண்டு பூட்ஸ் மட்டும் நின்றன. அந்த இடத்தையே மக்கள் பூட்ஸ் சதுக்கம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வடத்தால் முடியாததைக் காஸ் கட்டிங் முடித்தது என்பதில் பெரிய விஷயம் இருக்கிறது. வெண்கலத்தை எங்கே அறுத்தால் விழும் என்று உலோகத்தோடு புழங்கியவனுக்குத்தான் தெரியும். ஐந்து வருடம் முன்பு வார்ப்பாலைகளில் அந்தச் சிலையை உருவாக்கியதும் அப்படிப்பட்ட கைகள்தான். அதே தொழில், அதே கருவி, இப்போது எதிர்த்திசையில். போட்ட கையெழுத்தை அவர்கள் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கான விலையையும் கொடுத்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் வந்தன. புரட்சி நசுக்கப்பட்டது. பூட்ஸ் போனபின் அதே பீடத்து மேடையில் ஏறி நின்று புதிய தலைவர்கள் மே தின அணிவகுப்பைப் பார்த்தார்கள். சிலை விழுந்து 33 வருடம் கழித்துத்தான் ஆட்சி விழுந்தது. சிலை விழுந்தால் கதை முடியும் என்று எந்தக் காணொலியும் இனி என்னிடம் சொல்ல முடியாது.

*

பிராகில் யாரும் வடம் கட்டவில்லை. 1956 பிப்ரவரியில் குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களைப் பேசியபோது சிலைக்கு வயது ஒன்பது மாதம். அப்புறமும் ஆறு வருடத்துக்கு மேல் அது நின்றது. 1961-இல் மாஸ்கோவில் ஸ்டாலினின் உடலையே லெனின் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன்பின் பிராக் கட்சிக்கு வேறு வழியில்லை. 1962 இலையுதிர்காலத்தில் இடிக்கும் வேலை தொடங்கியது. 800 கிலோ வெடிமருந்து. நவம்பர் 6-ஆம் தேதியோடு முடிந்தது. படம் எடுக்கத் தடை. ஒளிந்திருந்து எடுத்த சில படங்கள்தான் நம்மிடம் இருக்கின்றன.

ஸ்டாலின் விழுந்தார் என்று இதைக் கொண்டாட முடியுமா? எழுப்பிய அதே கட்சி, அதே ரகசியத்தோடு, மேலிடத்துக்குப் பயந்து இடித்தது. துளையிட்டு மருந்து வைத்தவர்கள் உத்தரவுக்குக் கீழே இன்னொரு கையெழுத்து போட்டார்கள், அவ்வளவுதான். முதல் கையெழுத்து ரத்தாகவில்லை. அதன்மேல் இரண்டாவது கையெழுத்து விழுந்தது. குந்தேராவின் புகைப்படத்தைப் போலத்தான் இதுவும்: குன்றின் மேலிருந்து ஓர் ஆளை அழித்தார்கள். தொப்பிக்குப் பதிலாக இங்கே மிஞ்சியது பீடம்.

அந்தப் பீடத்தின் பிற்காலம் வினோதமானது. 1990-இல் அதன் அடியிலிருந்த கான்கிரீட் கூடங்களில் இசைக்கூடம் நடத்தினார்கள். ‘ரேடியோ ஸ்டாலின்’ என்ற பெயரில் உரிமமில்லாத வானொலி அங்கிருந்து ஒலித்தது. 1991-இல் வ்ரதிஸ்லாவ் நோவாக் வடிவமைத்த சிவப்பு மெட்ரோனோம் ஒன்றை மேலே நிறுத்தினார்கள். இன்றும் அதன் முள் ஆடிக்கொண்டிருக்கிறது. கீழே இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். அந்த இடத்தை இன்னமும் ‘ஸ்டாலின்’ என்றே சொல்கிறார்கள். 1996-இல் மைக்கேல் ஜாக்சன் தன் உலகப் பயணத்தை பிராகில் தொடங்கியபோது அதே பீடத்தில் அவருடைய பிரம்மாண்டச் சிலை கொஞ்ச நாள் நின்றது. 17,000 டன்னுக்காகக் கட்டிய பீடம் யார் வந்தாலும் தாங்கும். பீடத்துக்கு யார் என்பதில் அக்கறையே கிடையாது. இன்ஜினியராக எனக்கு அதில் ஒரு பெருமிதம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பயம்தான்.

*

மூன்றாவது வகை வீழ்ச்சியும் உண்டு. 2003 ஏப்ரல் 9-ஆம் தேதி பாக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலையை ஈராக்கியர்கள் சுத்தியலாலும் கயிறாலும் இடிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அமெரிக்க மரைன் படை வீரர்கள் தங்கள் கனரக மீட்பு வாகனத்தைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார்கள். இழுப்பதற்கு முன் சதாமின் முகத்தில் ஒரு வீரர் அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார். சதுக்கத்தின் எதிரிலிருந்த விடுதியில் உலகச் செய்தியாளர்கள் தங்கியிருந்தார்கள். பிராகில் கேமரா கூடாது என்று ஆட்சி சொன்னது. பாக்தாதில் கேமராவுக்கு முன்னால்தான் எல்லாமே நடந்தது. ஒன்றில் அழித்ததை மறைத்தார்கள், மற்றதில் அழித்ததையே சின்னமாக்கினார்கள். இரண்டிலும் அந்தச் சிலையை வார்த்த கைகளுக்கு வேலையில்லை.

அப்படியானால் சிலைகள் நிற்கட்டும் என்கிறேனா? இல்லை. தன் அண்ணனைக் கொன்றவனின் முகத்தை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இறக்கட்டும். யார் கையால் இறங்குகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

இறக்கிய பிறகு எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு ஹங்கேரியர்கள் ஒரு பதில் கொடுத்திருக்கிறார்கள். 1993-இல் புடாபெஸ்டின் ஓரத்தில் மெமெண்டோ பார்க் திறந்தார்கள். ஆகோஷ் எலியோட் வடிவமைத்தது. லெனின், மார்க்ஸ், சோவியத் வீரர் என்று நகரத்திலிருந்து அகற்றிய சிலைகளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்டாலினின் இரண்டு பூட்ஸுக்கும் பீடத்தோடு ஒரு பிரதி செய்து வைத்திருக்கிறார்கள். வெற்றிடமாக விட்ட பிராகைவிட இது நேர்மையானது.

ஆனாலும் அங்கே நிற்பவை தலைகளும் உடல்களும்தான். எனக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டக் கொடுத்தால் தலைகளை வைக்க மாட்டேன். போட்டிக்கு வந்து தோற்ற மாதிரிகளை வைப்பேன். நடுவர் குழுவின் குறிப்பேட்டை, கிரானைட் வாங்கிய ரசீதுகளை, கம்பி வரைபடங்களை, ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ்மூலையிலும் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டங்கள் இருக்குமே, அவற்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவேன். 1962-இல் வெடிமருந்துக்கு அனுமதி கொடுத்த தாளையும் அதே சுவரில், அதே அளவில்.

ஷ்சிகியெவ் நமக்கு ஷ்வெத்ஸைக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் எழுதாமல் விட்டது மீதி வரிசையை. இறைச்சி வரிசை என்று பெயர் வைத்த பிராக்வாசிகள் அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது மிகச் சரியான வர்ணனையாகப் படுகிறது. முன்னால் நிற்பவன் யார் என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். தன் முறை வரும்வரை நிற்பான். முறை வந்ததும் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுவான்.